அவர்களுக்காகப் பேச ஒருவர்

"என் பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று டாக்டரிடம் சொல்லத் தாய் இருக்கிறாள். "என் மகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கத் தந்தை இருக்கிறார். இருவரும் இல்லாத குழந்தைக்கு யார் பேசுவது?

திருப்பூர், பிழைப்புத் தேடி வந்தவர்களால் வளர்ந்த ஊர். பனியன் கம்பெனி வேலையை நம்பித் தென் மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

சொந்த ஊரில் பெற்றோரை இழந்த குழந்தையைப் பாட்டியோ மாமனோ தூக்கிக்கொள்வார்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்தான் துணை. அவரும் விடிந்தால் ஷிப்டுக்கு ஓட வேண்டியவர்.

சட்டம் இருக்கிறது

இந்தக் குழந்தைகளைச் சட்டம் கைவிடவில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக்குழு உண்டு. ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள்.

குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதா, உறவினரிடம் கொடுப்பதா, வேறொரு நல்ல குடும்பத்தில் வளரவிடுவதா என்று இந்தக் குழு முடிவு செய்யும். வேறு குடும்பத்தில் வளரவிடுவதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். இது தத்து அல்ல. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு.

பணம் உண்டு, குழுவும் உண்டு. ஆனால் குழுவின் முன் வரும் பிள்ளைகளோ பலர். ஒவ்வொரு பிள்ளையின் மனத்தில் இருப்பதும் குழுவுக்குத் தெரிய வேண்டுமே! அண்ணனும் தங்கையும் பிரியாமல் இருக்க விரும்பலாம். படிப்பு நின்றுபோயிருக்கலாம். ஒடியா மட்டும் பேசும் சிறுமி தன் குறையை எந்த மொழியில் சொல்வாள்?

ஒரு நீதிபதியின் கவலை

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி இருந்தார். குழந்தைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வழக்குகள் அவரிடம் வந்தன. முழு விவரம் தெரியாமல் தீர்ப்புச் சொல்கிறோமே என்று அவர் கவலைப்பட்டார்.

1977-இல் பொதுமக்களை உதவிக்கு அழைத்தார். அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. தொண்டர் குழந்தையைப் பார்ப்பார், பள்ளியில் விசாரிப்பார், வளர்ப்பவரிடம் பேசுவார். பிறகு குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதியிடம் சொல்வார். இந்த முறை அந்த நாடு முழுவதும் பரவியது.

அதிகாரிகள் மாறுவார்கள். வீடு மாறும், பள்ளி மாறும். மாறாத ஒரு முகம் இருந்தால் குழந்தைக்குத் தைரியம் பிறக்கும். தொண்டர் தரும் பெரிய உதவி அதுதான்.

இங்கேயும் வழி உண்டு

நம் நாட்டில் 2009 முதல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகின்றன. இதற்கு வக்கீல் பட்டம் தேவையில்லை. குழந்தைகளுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அந்த உதவி குழந்தைக்குக் கிடைக்கும்படி தன்னார்வலர் பாலமாக நிற்கலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். இந்தி பேசும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். ஒடியா தெரிந்த தொழிலாளிகளும் இருக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் இவர்கள் தந்தால் போதும்.

எல்லை தெரிந்து செய்ய வேண்டிய தொண்டு இது. இரக்கப்பட்டுக் குழந்தையைத் தாமே வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. படத்தையும் பெயரையும் வெளியிடக் கூடாது. ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 1098-க்குத் தகவல் சொல்ல வேண்டும்.

18 வயது நிறைந்த பிள்ளைக்கும் துணை தேவை. இல்லத்தை விட்டு வரும்போது வேலை, வாடகை வீடு, வங்கிக் கணக்கு எல்லாமே புதிது. 21 வயது வரை பின் பராமரிப்பு தரச் சட்டத்தில் இடம் உண்டு. அதைக் கேட்டு வாங்கித் தர ஒரு பெரியவர் வேண்டும்.

உலகத்துக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுக்கும் ஊர் திருப்பூர். தன் மண்ணில் தனித்து நிற்கும் பிள்ளைக்காகப் பேச, இந்த ஊரில் ஆள் இல்லாமல் போகலாமா?