அனுமதி கேளாமல் நுழையும் விருந்தாளிகள்



இறைச்சியை வாட்டுவதற்கு ஒரு காலத்தில் கரியும் தீக்குச்சியும் கையில் ஒரு விசிறியும் போதுமானவையாய் இருந்தன. இன்றோ அமெரிக்காவில் விற்கப்படும் சில கிரில் அடுப்புகளின் முழுப் பயனையும் பெற வேண்டுமானால், அடுப்போடு ஒரு கைப்பேசியும் வேண்டும். அக்கைப்பேசியில் அடுப்பை விற்ற நிறுவனத்தின் செயலி வேண்டும். செயலியில் நம் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கொண்ட ஒரு கணக்கு வேண்டும். வீட்டில் வைஃபை இணைப்பு வேண்டும். இத்தனைக்கும் மேலாக, எங்கோ தொலைதூரத்தில் இருக்கும் அந்நிறுவனத்தின் கணினி அந்நேரத்தில் பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கவும் வேண்டும்!

இது எங்கோ நடக்கும் செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஏர்ஃபிரையர், வாசல் மணி எனப் பல பொருள்கள் இன்று கைப்பேசியோடு பிணைக்கப்பட்டே கடைக்கு வருகின்றன. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் பிள்ளைகள் ஆசையோடு வாங்கிவருவனவற்றிலும் இவை இருக்கின்றன. ஆகவே இம்மாதம் இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். இந்த ஏற்பாட்டில் பயனே இல்லையென்று கூறிவிட முடியாது. அமெரிக்காவில் பெரிதும் விரும்பப்படும் மரத்துண்டு கிரில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளே அதன் எரிபொருள். ஒரு திருகாணித் தண்டு அவற்றைச் சிறுகச் சிறுகத் தீக்கிண்ணத்திற்குள் தள்ளும். ஒரு மின்விசிறி காற்றை ஊதும். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வெப்பத்தை அளந்து இவ்விரண்டையும் நடத்தும். பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைச் சுமார் 107 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் புகையில் வேகவைக்கும்போது, இரவு முழுவதும் அடுப்பருகே விழித்திருக்காமல் கைப்பேசியிலேயே வெப்பத்தைப் பார்த்துக்கொள்வது வசதியே அல்லவா?

ஆனால் அந்த வசதி நம்மிடம் எவ்வழியாக வந்து சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். வெப்பத்தைக் கூட்டு என்று நீங்கள் கைப்பேசியில் இடும் கட்டளை, பத்தடி தூரத்தில் இருக்கும் அடுப்புக்கு நேராகச் செல்வதில்லை. பெரும்பாலான சாதனங்களில் அது வீட்டிலிருந்து புறப்பட்டு, நிறுவனத்தின் கணினியை அடைந்து, அங்கிருந்து மீண்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தே அடுப்பைச் சேர்கிறது. இடையில் இணையம் அறுந்தாலும், நிறுவனத்தின் கணினி நின்றாலும், கடவுச்சொல் மறந்தாலும், உங்கள் கட்டளை நடுவழியில் நின்றுவிடும். அடுப்புக்கும் உங்களுக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எல்லாத் தொல்லைகளுக்கும் வேர் இதுவே.

சிறு தொல்லைகள் முதல் நாளே தொடங்கிவிடுகின்றன. இத்தகைய சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் பழைய அலைவரிசையில் மட்டுமே இயங்குவன. வீட்டுக் கைப்பேசியோ 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைந்திருக்கும். இதை அறியாத குடும்பத்தலைவி, சாதனம் கெட்டுவிட்டதோ என்று எண்ணி அரைநாளைப் பறிகொடுக்கிறார். அதைக் கடந்தால், புதிய மென்பொருள் இறங்கும்வரை பொறுத்திருங்கள் என்னும் அறிவிப்பு வருகிறது. விருந்தினர் வந்து அமர்ந்திருக்க, மசாலா தடவிய இறைச்சி தட்டில் காத்திருக்க, அடுப்பு தன் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தால் இல்லத்தரசியின் நிலை என்னவாகும்!

இவை எரிச்சலூட்டுவன மட்டுமே. அச்சமூட்டுவனவும் உள. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஜூன் என்னும் பெயருடைய நவீன சூட்டடுப்பை வாங்கியிருந்த சிலர், தாம் உறங்கிக்கொண்டிருந்த நள்ளிரவில் அடுப்பு தானே மூண்டு 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருந்ததாகத் தெரிவித்தனர். உரியவர்களே செயலியில் தற்செயலாக விரலை வைத்திருக்கலாம் என்பது நிறுவனத்தின் விளக்கம். அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தலையணைக்கு அருகில் கிடக்கும் கைப்பேசியில் ஒரு விரல் தவறிப் பட்டால் சமையலறையில் நெருப்பு மூளும் என்னும் ஏற்பாடு, குழந்தைகள் நிறைந்த வீட்டுக்குத் தகுமா?

2024 ஜூலையில் பிஷப் ஃபாக்ஸ் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் மற்றொரு குறையை வெளியிட்டது. டிரேகர் நிறுவனத்தின் வைஃபை கிரில்களில் ஒரு வகையின் தனி அடையாள எண்ணை அறிந்துகொண்ட எவரும், அந்த அடுப்புக்கு உரிமையாளராக இல்லாமலேயே தொலைவிலிருந்து அதன் வெப்பத்தை மாற்றவும் அதை அணைத்துவிடவும் முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. நிறுவனமும் புதிய மென்பொருளை அனுப்பிக் குறையைக் களைந்தது. ஆயினும், நம் வீட்டு அடுப்பின் திருகு அயலான் ஒருவனின் கைக்கும் எட்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அடுத்து, விலை கொடுத்து வாங்கிய பொருள் உண்மையில் யாருடையது என்னும் வினா எழுகிறது. ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்டது. வாழ்நாள் முழுவதற்குமான சேவை என்னும் வாக்குறுதியும் அதனோடு இருந்தது. அந்நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே 15 அன்று அதன் சேவை நிறுத்தப்பட்டது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கருவிகள் அன்றே வெறும் பெட்டிகளாயின. வாழ்நாள் என்று கூறப்பட்டது வாங்கியவரின் வாழ்நாளன்று; விற்றவரின் விருப்பநாள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அதே நெஸ்ட் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முதலிரு தலைமுறை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு 2025 அக்டோபர் 25 முதல் செயலித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. எனினும் அவற்றைக் கையால் திருப்பி இயக்கும் வழி இருந்ததால் அவை முற்றாகப் பயனற்றுப் போகவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்; பொருள் வாங்கும்போது அது உதவும்.

வாங்கிய பின்னரும் பொருளின் இயல்பை விற்றவர் மாற்ற இயலும். 2025 செப்டம்பரில் சாம்சங் நிறுவனம், அமெரிக்காவில் தன் திரைவைத்த குளிர்சாதனப் பெட்டிகளில் விளம்பரங்களைக் காட்டத் தொடங்குவதாக உறுதிசெய்தது. பாலும் முட்டையும் வைப்பதற்காகப் பணம் கொடுத்து வாங்கிய பெட்டியின் கதவு, விளம்பரப் பலகையாகிவிட்டது!

இனி, யாவற்றினும் முதன்மையான செய்திக்கு வருவோம். பொருள் கெட்டால் பழுது பார்க்கலாம். பணம் போனால் ஈட்டலாம். இல்லத்தின் அந்தரங்கம் வெளியேறிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது எங்ஙனம்?

2017 பிப்ரவரியில் விசியோ என்னும் தொலைக்காட்சி நிறுவனம், அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்கை முடித்துக்கொள்ள 22 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. 1 கோடியே 10 இலட்சம் தொலைக்காட்சிப் பெட்டிகளின் வாயிலாக, எந்த வீட்டில் எந்நேரத்தில் என்ன பார்க்கப்பட்டது என்னும் விவரத்தை மக்களின் இசைவின்றித் திரட்டியது என்பதே குற்றச்சாட்டு. நாம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பெட்டியும் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது!

பிரிட்டனின் விச் என்னும் நுகர்வோர் அமைப்பு 2024 நவம்பரில் மூன்று ஏர்ஃபிரையர்களை ஆராய்ந்தது. மூன்றின் செயலிகளும் கைப்பேசி இருக்கும் இடத்தை அறியவும், கைப்பேசியில் ஒலியைப் பதிவுசெய்யவும் அனுமதி கேட்டன. எதற்காக என்பதற்கு உரிய காரணம் கூறப்படவில்லை. உருளைக்கிழங்கு வறுப்பதற்கும் நம் உரையாடலுக்கும் என்ன தொடர்பு? கோழி வேகும் நேரத்தை அறிவிக்க, நாம் நிற்கும் தெரு எதற்கு?

இதைவிட நெஞ்சை வருத்துவது 2023 மே மாதத்துச் செய்தி. அமேசானுக்குச் சொந்தமான ரிங் என்னும் கேமரா நிறுவனத்தின்மீது அதே ஆணையம் வழக்குத் தொடுத்தது. வீட்டைக் காப்பதற்காக மக்கள் பொருத்திய கேமராக்களின் படங்களை நிறுவனத்தின் ஊழியர்கள் பார்க்க வழியிருந்தது என்றும், 2017-இல் ஊழியர் ஒருவர் படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் இருந்த, 81 பெண்களுக்கேனும் உரிய கேமராக்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்தார் என்றும் ஆணையம் கூறியது. 58 இலட்சம் டாலர் செலுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. திருடன் வரக்கூடாது என்று வைத்த கண், அந்நியனின் கண்ணாகிவிட்டது. அந்தப் பெண்கள் இழந்ததை எந்த டாலர் ஈடுசெய்யும்?

சகோதரிகளே! இவ்விடத்தில் நாம் நன்கறிந்த ஒழுக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிறர் இல்லத்துள் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி கேட்க வேண்டும் என்பதும், திரும்பிச் செல்லுங்கள் என்றால் முகம் சுளிக்காமல் திரும்பிவிட வேண்டும் என்பதும் சூரத்துந் நூர் அத்தியாயத்தின் போதனை. வெளியாருக்கு மட்டுமன்று, வீட்டுக்குள்ளேயே உழைக்கும் பணியாளரும் பருவமெய்தாச் சிறாரும்கூட வைகறைத் தொழுகைக்கு முன்னும், ஆடை களைந்து இளைப்பாறும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்னும் அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்று அதே அத்தியாயம் கற்பிக்கிறது. நம்முடன் வாழும் பணியாளருக்கே இவ்வரம்பு உண்டென்றால், நம் வீட்டில் பணிசெய்யும் இயந்திரத்திற்கும் அதன் பின்னால் அமர்ந்திருக்கும் நிறுவனத்திற்கும் வரம்பில்லாமற் போகுமா? படித்து முடிக்க இயலாத நீண்ட நிபந்தனைகளின் அடியில், சம்மதம் என்னும் பொத்தானை நாம் அவசரமாக அழுத்துவதை, வாசலில் நின்று முறையாகக் கேட்டுப் பெற்ற அனுமதி என்று கூறலாமா?

உலகச் சட்டங்களும் மெல்ல விழித்துக்கொண்டிருக்கின்றன. எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு சாதனங்களை விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்துள்ளது. எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்பதையும் விற்பவர் அங்கே தெரிவித்தாக வேண்டும். இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் சட்டம் வாசல்வரைதான் வரும்; தாழ்ப்பாளை நாம்தான் போட வேண்டும்.

அதற்கான வழிகள் கடினமானவையல்ல. புதிய சாதனம் ஒன்றை வாங்குமுன் கடைக்காரரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். செயலி இல்லாமல், பொத்தானையோ திருகையோ கொண்டு இதை முழுமையாக இயக்க முடியுமா? இணையம் இல்லாத நாளில் இது வேலை செய்யுமா? எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தருவார்கள்? இதில் கேமராவோ ஒலிவாங்கியோ உண்டா? முதலிரு கேள்விகளுக்கு இல்லை என்பது விடையானால், அப்பொருள் எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுங்கள்.

முன்னரே வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். கைப்பேசியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, அச்செயலிக்கு இருப்பிடம், ஒலிவாங்கி, கேமரா, தொடர்பு எண்கள் ஆகியவற்றில் எவை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். வேலைக்குத் தேவையற்றவற்றை மறுத்துவிடுங்கள். மறுத்த பின்னரும் சாதனம் இயங்கினால் அந்த அனுமதி தேவையற்றது என்பது தானே விளங்கும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். பல ரௌட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி வைஃபை அமைக்கும் வசதி உண்டு. இச்சாதனங்களை அதில் இணைத்துவிட்டால், வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கருவிகளிலிருந்து அவை விலகி நிற்கும். படுக்கையறையிலும் பெண்கள் உடை மாற்றும் இடத்திலும் இணையத்தோடு பிணைந்த கேமரா எதையும் வைக்க இசையாதீர்கள். பழைய சாதனத்தைப் பிறருக்குக் கொடுக்கும்போது, உள்ளிருக்கும் கணக்கையும் விவரங்களையும் அழித்துவிட்டே கொடுங்கள். வெப்பம் தரும் கருவி எதுவாயினும், இரவில் படுக்கச் செல்லுமுன் அதன் மின் இணைப்பைக் கையால் துண்டித்துவிடுங்கள்.

இவற்றைக் குடும்பத்தலைவர் மட்டும் அறிந்திருந்தால் போதாது. பகல் முழுவதும் அச்சாதனங்களின் நடுவே வாழ்பவர் இல்லத்தரசி. அவற்றை நம்மினும் எளிதாகக் கையாள்பவர்கள் பிள்ளைகள். ஆகவே வரும் விடுமுறை நாளில், உணவுக்குப் பின் அனைவரும் ஒன்றாக அமருங்கள். வீட்டில் இணையத்தோடு பிணைந்த பொருள்கள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், அது நம்மிடமிருந்து என்ன கேட்கிறது, அதற்கு நாம் இசைகிறோமா என்பதைக் குறியுங்கள். அறியாமலே எத்தனை பேருக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறோம் என்பதை அந்தத் தாள் உங்களுக்குச் சொல்லும். மூட வேண்டியவற்றை அன்றே மூடிவிடுங்கள்.