சின்ன ரயில், பழைய காடி: அடுத்து யார் கையில்?

கடந்த 2025 டிசம்பரில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஜொகூர் பாருவை எட்டியது. கெமாஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒற்றைத் தண்டவாளம் இரட்டையாகி, அதற்கு மேல் மின்கம்பியும் வந்துவிட்டது. கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் இடையே அலைகிற குடும்பங்களுக்கு இது நீண்ட நாள் காத்திருந்த நல்ல செய்தி.

அதே செய்தி ஒரு சிறு கூட்டத்தாருக்கு வேறு விதமாகக் கேட்டது. லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங் என்று நின்று நின்று போன டீசல் ரயிலும், அந்தப் பழைய நிலையங்களின் கூரையும் பலகையும் இனி பெரும்பாலும் படத்தில்தான். ரயிலை அளந்து, படம் பிடித்து, வீட்டு மேசை மேல் சிறிதாகச் செய்து ஓட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களில் பலருடைய வீட்டுப் போர்டிகோவில் ஒரு பழைய காடியும் நிற்கும். மோரிஸ் மைனராக இருக்கலாம், டட்சன் 120ஒய் ஆக இருக்கலாம், இப்போது முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

பார்ப்பவர்களுக்கு இது வயதானவர்களின் விளையாட்டாகத் தெரியும். ஆனால், இந்தப் பொழுதுபோக்கு உலகெங்கும் ஒரு திருப்பத்தில் நிற்கிறது. அதில் இந்நாட்டுத் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரே பெட்டியில் பிறந்தவை

சின்ன ரயிலும் சின்ன காடியும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டனின் லிவர்பூல் நகரில் மெக்கானோ கட்டுமான விளையாட்டுப் பொருளை உருவாக்கியவர் பிராங்க் ஹார்ன்பி. 1920-ல் அவருடைய நிறுவனம் பொம்மை ரயில்களைச் செய்யத் தொடங்கியது. ரயில் இருந்தால் நிலையம் வேண்டும், நிலையம் இருந்தால் பயணியும் போர்ட்டரும் வேண்டும், வாசலில் நிற்கக் காடியும் வேண்டும். அப்படி ரயிலுக்குத் துணைப் பொருளாக 1930-களின் தொடக்கத்தில் வந்த சிறு உலோக உருவங்கள்தாம் 1934-ல் 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயரைப் பெற்றன. பிறகு காடிகள் தனியாகவே பெயர் வாங்கின. மலாயாவில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிறு வயது ஞாபகம் வரும்.

ஜப்பானிலும் இதே கதைதான். டோமி நிறுவனம் 1959-ல் பிளாரயில் என்ற பிளாஸ்டிக் ரயிலையும், 1970-ல் டோமிகா சிறு காடிகளையும் கொண்டு வந்தது. இன்று பேரங்காடியில் பேரப்பிள்ளை கை நீட்டிக் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

வரலாறு ஒருபுறம் இருக்க, இரண்டையும் ஒருவரே விரும்புவதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. நீராவி எஞ்சினில் எந்தத் தண்டு எதைத் தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மோரிஸ் மைனரின் பானட்டைத் திறந்தால் கார்புரேட்டர், பிளக், பேன் பெல்ட் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். பழுது எங்கே என்று காதால் கேட்டே சொல்லிவிடுகிற போமன்கள் ஒரு காலத்தில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். இன்றைய காடியில் கோளாறு என்றால் முதலில் கணினியைத்தான் இணைக்கிறார்கள். பிரித்துப் பார்த்துத் திரும்பக் கூட்டும் கைப்பழக்கத்துக்கு வேறு இடம் இல்லாதபோது, அது சின்ன ரயிலிலும் பழைய காடியிலும் போய்த் தங்குகிறது. வயரிங், ஈயப்பற்று, சாயம் பூசுதல், பொறுமை ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொது.

ஒரு தந்தை செய்த பொத்தான்

இந்த இரட்டைப் பித்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு, கனடாவில் பிறந்த பாடகர் நீல் யங். அவருடைய மகன் பென் பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். விரலால் சிறிய விசைகளை இயக்க முடியாத அந்த மகனும் ரயில் ஓட்ட வேண்டும் என்பதற்காக, பெரிய பொத்தானை அழுத்தினால் போதும் என்கிற கட்டுப்பாட்டுக் கருவியை அவர் உருவாக்கினார். அந்த வேலை வளர்ந்து, அமெரிக்காவின் பழைய பொம்மை ரயில் நிறுவனமான லயனலின் பங்குதாரராக 1995-ல் அவரை ஆக்கியது.

காடி விஷயத்திலும் அவர் அப்படித்தான். 1959-ஆம் ஆண்டின் மிகப் பெரிய லிங்கன் கான்டினென்டல் காடியை மின்சாரத்தில் ஓடும்படி மாற்றுவதற்காகப் பல ஆண்டுகள் செலவழித்தார். 2017 டிசம்பரில், தாம் சேர்த்து வைத்த ரயில்களிலும் காடிகளிலும் பலவற்றை ஏலத்தில் விட்டார். கிடைத்த தொகையில் ஒரு பகுதி, பேச்சும் உடல் இயக்கமும் கடினமான பிள்ளைகளுக்கான பிரிட்ஜ் பள்ளிக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது பணம் அல்ல. சேர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே, எது எங்கே போக வேண்டும் என்று தாமே முடிவு செய்தார். பெரும்பாலோர் அந்த முடிவைப் பிள்ளைகளின் தலையில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

மூடுகிற கதவுகள்

பிரிட்டனில் 2024 ஜனவரி மாதத்தில் இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. 1946-ல் தொடங்கிய ஹாட்டன்ஸ் என்ற பெரிய மாதிரி ரயில் கடை வியாபாரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பர்மிங்ஹாமில் 1993 முதல் நடந்து வந்த வார்லி மாதிரி ரயில் கண்காட்சியை இனி நடத்தப்போவதில்லை என்று அதன் சங்கம் சொன்னது. கூட்டம் வராமல் அது நிற்கவில்லை. மேசை தூக்க, கணக்குப் பார்க்க, வண்டி ஏற்பாடு செய்யத் தொண்டர்கள் கிடைக்கவில்லை, இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது.

மலேசிய வாசகர்களுக்கு இது புதிய கதை அல்ல. கோயில் நிர்வாகம், பொது இயக்கங்கள், வாசகர் வட்டம் என்று எதை எடுத்தாலும் முன்வரிசை நாற்காலியில் அதே நரைத்த தலைகள்தாம். விரும்பிகள் இருக்கிறார்கள், பொறுப்பெடுக்க ஆள் இல்லை. ஒரு பழக்கம் அழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

மறுபக்கமும் உண்டு. அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறவர்களுக்கு 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் 'என்' அளவு ரயில் பொருந்துகிறது, ஒரு சாப்பாட்டு மேசை போதும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு, எந்தக் கடையிலும் கிடைக்காத பெட்டியை இளைஞர்கள் கணினியில் வரைந்து வீட்டிலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

கடையில் கிடைக்காத மலாயா ரயில்

இந்த இடத்தில்தான் விஷயம் இந்நாட்டுக்கு வருகிறது. கே.டி.எம். தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். பிரிட்டிஷ் மாதிரி ரயில்கள் அங்குள்ள 1,435 மில்லிமீட்டர் பாதையை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. மலாயா ரயிலைச் சரியான அளவில் செய்ய விரும்புகிறவர், 87-ல் ஒரு பங்கு அளவை எடுத்துக்கொண்டால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போட வேண்டும். மலைப்பாதைகள் நிறைந்த சுவிட்சர்லாந்து ரயில்களுக்காக விற்கும் பொருளை வாங்கி, மேல் உடம்பைத் தாமே செய்ய வேண்டும்.

1938-லிருந்து கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் அனுப்பிய நீராவி எஞ்சின்களும், 1957-ல் வந்த இங்கிலிஷ் எலக்ட்ரிக் டீசல் எஞ்சின்களும் இந்நாட்டின் இரண்டு தலைமுறைகளைச் சுமந்தவை. அவற்றின் சிறு உருவத்தைச் செய்ய வேண்டுமானால் நிறம் எது, எண் எங்கே எழுதப்பட்டிருந்தது, மூன்றாம் வகுப்புப் பெட்டியின் இருக்கை எப்படி இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லக்கூடியவர்கள் யார்? 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியபோதே, பாதை போட இலங்கையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பின்னர் யாழ்ப்பாணத்தார் நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் இருந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளக் கூட்டங்களிலும் செந்தூல் பட்டறையிலும் உழைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் குவார்ட்டர்ஸ்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் இன்று நாடெங்கும் பரவியிருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸின் 'நூறு குவார்ட்டர்ஸ்' இடிபட்டது. செந்தூல் பட்டறையின் வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30-ஆம் தேதிதான் கடைசி ரயில் புறப்பட்டது.

தோட்டத்திற்கும் இதில் பங்கு உண்டு. தெலுக் இந்தான் பக்கம் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் தோட்டங்களில் செம்பனைக் குலையை ஆலைக்கு ஏற்றிச் சென்றது குறும்பாதை ரயில். துரை பங்களாவின் காடி, டிரெசரின் சிறு காடி, பால் ஏற்றிய லாரி என்று எல்லாம் ஒரே மண்சாலையில் ஓடின. அந்தக் காட்சியை எந்த அருங்காட்சியகமும் முழுதாக வைத்திருக்கவில்லை. ஆறடி மேசையில் ஒருவர் அதைச் செய்து வைத்தால், அதையும் ஓர் ஆவணமாகவே கொள்ள வேண்டும்.

காடிக்கு எவ்வளவு காலம்?

சின்ன ரயிலுக்கு அனுமதி வாங்க வேண்டியதில்லை. பழைய காடிக்குச் சட்டத்தின் தயவு வேண்டும். மலேசியாவில் சொந்தக் காடிக்கு வயது வரம்பு இல்லை. 2009-ல் 15 ஆண்டைத் தாண்டிய காடிகள் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும் என்று அறிவித்த அரசாங்கம், எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. எதிர்த்தவர்கள் பழைய காடி ரசிகர்கள் மட்டும் அல்லர், வேறு காடி வாங்க வசதி இல்லாத சாதாரண மக்களும்தான்.

சிங்கப்பூரின் வழி வேறு. அங்கு காடி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழே 10 ஆண்டுக்குத்தான். ஆனாலும் 35 ஆண்டைக் கடந்த காடிகளுக்குத் தனித் திட்டம் வைத்து, செலவைக் குறைத்து, ஆண்டுக்கு 45 நாள் மட்டும் சாலையில் ஓட்ட அனுமதிக்கிறார்கள். கண்டிப்பான நாடுகூடப் பழையதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறது.

பழைய காடி புகை விடும், புதிய காடியின் பாதுகாப்பு அதில் இல்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தினமும் வேலைக்கு ஓடும் பழைய வண்டியையும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டியையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பதே அதற்கான பதில். 1985 ஜூலையில் அறிமுகமான சாகாவுக்கு 40 வயது ஆகிவிட்டது. முதல் சாகா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால், தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலாகத் தவணையில் வாங்கிய காடியும் அதுதான். அந்தக் கதை இரும்புக் கடையில் எடை போடப்படுகிறது.

செய்யக்கூடியது

பெரிய திட்டமும் மானியமும் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவின் படம், அடையாள அட்டை, விசில், கைவிளக்கு வீட்டில் இருந்தால், அதன் பின்னால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைக்கலாம். அவர் இன்னும் இருக்கிறார் என்றால், கைப்பேசியில் ஒரு மணி நேரம் பேச வைத்துப் பதிவு செய்யலாம். பழைய காடி வைத்திருப்பவர், அதை யார் வாங்கினார், எந்த மெக்கானிக் பார்த்தார், உதிரிப் பாகம் எங்கே கிடைத்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிக் காடிக்குள்ளேயே போடலாம். அறிவியல் புத்தாக்கப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் தமிழ்ப்பள்ளிகள், அருகில் இருந்த நிலையத்தையோ தோட்ட ரயிலையோ மாதிரியாகச் செய்ய ஒரு தவணை ஒதுக்கலாம். அளவெடுப்பது கணிதம், விளக்கு எரிய வைப்பது அறிவியல், தாத்தாவிடம் கேட்பது வரலாறு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பேச்சு நடக்க வேண்டும். மேசை மேல் இருக்கிற ரயிலும் போர்டிகோவில் இருக்கிற காடியும் தமக்குப் பிறகு யாருக்கு என்று அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளைக்கு ஆசை இல்லை என்றால் அதைக் குற்றமாக எடுக்காமல், ஆசை உள்ள வேறு பிள்ளையைத் தேடிக் கொடுக்கலாம். ஜொகூர் பாருவுக்கு ரயில் இப்போது வேகமாகப் போகிறது. அந்தப் பாதையை முதலில் போட்டவர்கள் யார் என்று ஏறுகிற பேரன் கேட்டால், காட்டுவதற்கு வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.