நான்கு மணி நேரத் தூரம்

சென்னை மீனம்பாக்கத்திற்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திற்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நேரடி விமானம் நான்கு மணி நேரத்தைச் சற்றே கடந்து நம்மை இறக்கிவிடும். செங்கல்பட்டு வட்டாரத்தில் பிள்ளையைச் சிங்கப்பூருக்கு அனுப்பும் வீடுகளில் இந்த 'நான்கு மணி நேரம்' ஓர் ஆறுதல்மொழியாகப் புழங்குகிறது. கன்னியாகுமரிக்குப் போவதைவிட விரைவாக வந்துவிடலாமே என்பார்கள். அந்த ஆறுதலை நாம் சற்று ஐயத்தோடு அணுக வேண்டியிருக்கிறது.

முதலில் கடிகாரமே நம்மை ஏமாற்றுகிறது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும்போது கடிகாரக் கணக்கில் ஏழு மணி நேரம் கழிகிறது. திரும்பும்போது இரண்டு மணி நேரம்கூட ஆவதில்லை.

மாமல்லைக் கடலோடிகளுக்கு இந்த மயக்கம் இருந்ததில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போன கலம், வடகிழக்குக் காற்று வீசும்வரை திரும்ப இயலாது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. குளம் வெட்டும் அளவுக்குத் தங்க நேரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் 'ரஜூலா' கப்பலில் சென்றவர்களுக்கும் பயணம் ஒரு வாரம் என்ற தெளிவு இருந்தது. பிரிவின் அளவை அறிந்தே பிரிந்தார்கள்.

எங்கள் மாணவர் ஒருவர் மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறார். ஓரிரவு எட்டு மணிக்குத் தந்தை இறந்தார். மேலாளரின் அனுமதி, கடன் வாங்கிய பணம், கிடைத்த பயணச்சீட்டு எல்லாம் கைகூடி அண்ணன் வீடு வந்து சேர்ந்தபோது மறுநாள் நள்ளிரவு. நாங்கள் ஆசிரியர்கள் சிலர் அன்று அங்கிருந்தோம். ஐஸ் பெட்டியில் இன்னும் எவ்வளவு நேரம் வைப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்க, மாலையிலேயே அடக்கம் முடிந்துவிட்டது. நான்கு மணி நேரத் தூரத்தை அவர் இருபத்தெட்டு மணி நேரத்தில் கடந்தார். பிந்தியது விமானமன்று.

விமானம் சுருக்கியது கடலை மட்டுமே. விடுப்பையும் கடனையும் அது சுருக்கவில்லை. மேலாளராக இருப்பவருக்கு எந்நேரமும் நான்கு மணி நேரத்தில் இருக்கும் ஊர், ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பருவக்காற்றுக்குக் காத்திருக்கும் ஊராகவே இன்றும் இருக்கிறது. ஆகவே வேலைக்கு அனுப்பும் முன் பயண நேரத்தைக் கேட்பதைவிட, துக்கச் செய்தி வந்தால் எத்தனை நாளில் விடுவார்கள், சீட்டுக்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்பதே அறிவுடைமை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியதும் அதுவே.

அன்றிரவு அந்த அண்ணன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைக்கூடத் திறக்காமல் மண்மேட்டைப் பார்க்க இருட்டில் நடந்தார். நாமும் பின்னால் போனோம்.