பல்கலைக்கழகம் வளர்ந்தது; அதன் மொழி எது?

வ. புதுப்பட்டி வரப்பில் நின்று மேற்கே நோக்கின் மலைத்தொடர் தெரியும். பிளவக்கல் அணைநீரில் விளையும் நெல்லும் தென்னையுமே அவ்வூர் உழவர்க்கு வாழ்வு. தம் தென்னையைத் தாக்கிய நோய் இன்னதென ஆய்ந்து, நம் வரிப்பணத்தில் நடைபெறும் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வேட்டை அச்சிட்டு அடுக்கி வைத்திருக்கலாம். புதுப்பட்டி உழவர்க்கு அதனால் என்ன பயன்? அஃது ஆங்கிலத்தில் உள்ளது. இதனை நெஞ்சிற் கொண்டே தில்லையில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1920-இல் அண்ணாமலையார் தில்லையில் நிறுவியது மீனாட்சி கல்லூரி என்னும் சிறு கல்லூரியே. பின்னர்த் தமிழ்க் கல்லூரியும் இசைக் கல்லூரியும் உடன் தோன்றின. அவர் வழங்கிய 20 இலக்கம் உருபா நன்கொடையும் அரசின் துணையும் சேர, 1929-இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1931-இல் ஈழத்து விபுலானந்த அடிகள் அதன் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். 1941-இல் தமிழிசை மாநாடு அங்கே கூடிற்று. தமிழன் தன் மண்ணில் தன் மொழியிற் பாடுவதற்கே மாநாடு கூட்ட வேண்டியிருந்த காலம் அது! வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையிற் கடலுயிரியல் ஆய்வும் வளர்ந்தது. அங்குத் தமிழ்த்துறைத் தலைவராய் விளங்கிய தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரே 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நம் திருவில்லிபுத்தூர், இராசபாளையப் பகுதிக் கல்லூரிகட்குத் தாயாய் அமைந்தது அம்மதுரைப் பல்கலைக்கழகமே. ஆகவே தில்லையின் வளர்ச்சி நமக்கு அயலார் செய்தியன்று.

2013-இல் பணமுடை முற்றித் தமிழ்நாட்டரசு தனிச்சட்டம் இயற்றி அதன் ஆட்சியை ஏற்றது. அதன் கணக்கு வழக்குகளைப் பலரும் எழுதிவிட்டனர். அதனை விடுத்து மேற்செல்வோம்.

நாம் கேட்பது வேறு. அங்கே தமிழ் ஒரு துறையாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் மொழியாக இருந்ததா? தமிழ்த்துறை வாயிலைத் தாண்டி இயற்பியலுக்குட் சென்றவுடன் தமிழ் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு உரியவளைத் திண்ணையில் அமர்த்திவிட்டு, 'இடம் கொடுத்துள்ளோமே' என்று பெருமை பேசுவதற்கு இஃது ஒக்கும். 1965 சனவரி 27-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்ற மாணவன் இராசேந்திரன் அப்பல்கலைக்கழக ஊரிலேயே காவலர் குண்டுக்கு இரையானான். இந்திக்கு வாயில் அடைத்தோம், சரிதான். அடைத்த வாயிலுக்குள்ளே தமிழை ஏற்றினோமா? இக்கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் நாண வேண்டும்.

இராசபாளையத்தை அடுத்த முறம்பில் இளமையிற் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றிய மொழிஞாயிறு பாவாணர், 1956 முதல் 1961 வரை அப்பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஆயினும் அவர் வாழ்நாட் கனவாகிய சொற்பிறப்பியல் அகரமுதலி அங்கே உருப்பெறவில்லை. 1974-இல் அரசு அதற்கெனத் தனித்திட்டம் வகுத்து அவரை இயக்குநராக்கியது. முதற்பகுதி வெளிவந்த 1985-இல் அவர் உயிரோடில்லை. சொல்லாக்கப் பணியை அறிவியல் துறைகளோடு ஓரிடத்திற் பிணைத்திருந்தால், ஆய்வுக்கு வேண்டிய கலைச்சொற்கள் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்திருக்கும்.

'தமிழில் அறிவியல் இயலாது' என்போர் சப்பானைப் பார்க்கட்டும். 1877-இல் சில பள்ளிகளை இணைத்துத் தோக்கியோப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அங்கே பாடஞ்சொன்ன அயல்நாட்டார் மிகப் பலர், அயல்மொழியிலேயே சொன்னார்கள். ஒரு தலைமுறைக்குள் சப்பானியரே ஆசிரியராயினர், சப்பான்மொழியே பயிற்றுமொழியாயிற்று. அவர்கள் நூல்கள் எல்லாம் ஆயத்தமாகட்டும் எனக் காத்திருக்கவில்லை. கற்பிக்கத் தொடங்கினார்கள், நூல்கள் வந்தன. நாமோ நூல் வரட்டும் எனக் கற்பிக்காமலும், கற்பிக்காமையால் நூல் வராமலும் நூறாண்டைக் கழித்துவிட்டோம்.

ஆங்கிலத்தை அறவே துறக்குமாறு இங்கு எவரும் கூறவில்லை. பிறநாட்டார்க்கு எழுதுவதை ஆங்கிலத்தில் எழுதுக. ஆனால் தமிழ்நாட்டரசின் பணம் பெறும் பல்கலைக்கழகம் எதுவாயினும், அறிவியல் ஆய்வேடு ஒவ்வொன்றையும் முழுமையான தமிழ்வடிவோடு தந்தாலன்றி முனைவர்ப் பட்டம் இல்லை என விதித்தல் வேண்டும். இரண்டு பக்கச் சுருக்கம் போதாது. வாய்மொழித் தேர்விலும் ஆய்வாளர் தம் முடிவைத் தமிழில் விளக்கட்டும். உழவு பற்றிய ஆய்வாயின் அவ்வவையில் உழவரும் அமரட்டும். புதுப்பட்டி உழவர் எழுந்து, 'என் தென்னைக்கு இது பொருந்துமா?' எனக் கேட்கட்டும்.