கயிறும் கருவியும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் பன்னூறு ஆண்டுகள் நடைபெற்ற தொழிலாகும். 1961ஆம் ஆண்டோடு அது நின்றது. குளிப்பவர் கல்லின் துணைகொண்டு கடலடிக்கு இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பற்றி நிற்பார். கயிறு அசைந்ததும் அவர் இழுத்தல் வேண்டும். அவர் கண்ணயர்ந்தால் கீழுள்ளவர் உயிருக்கு இடர் நேரும். இறங்கும் ஆற்றல் ஒருவரிடம். காக்கும் பொறுப்பு மற்றவரிடம்.

கொணர்ந்த சிப்பியுள் முத்து உண்டோ இல்லையோ என்பதை அதனைப் பிளந்தே அறிந்தனர். சில முத்துக்களுக்காக எண்ணற்ற சிப்பிகள் மடிந்தன. பிளவாமலே உள்ளே காணும் வழியை 1895ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இராண்ட்கன் கண்டார். அவர் கண்ட எக்ஸ் கதிர் இன்று முத்தையும் ஆராய்கிறது. மனித உடலையும் காட்டுகிறது.

இதயக் குருதிக்குழாயில் அடைப்பு நேர்ந்தால், மருத்துவர் கையிலோ தொடையிலோ உள்ள குழாய் வழியே மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்துவர். அது செல்லும் வழியைக் காட்டுவது வில்போல் வளைந்த கதிர்க்கருவி. வில்லின் ஒருமுனை கதிரை விடுக்கும். மறுமுனை அதனை ஏற்றுப் படமாக்கும். முன்னர்க் கையால் தள்ளித் திருப்பிய இவ்வில்லை இன்று கணிப்பொறி இயக்குகிறது. குறித்த கோணத்தைக் கட்டளையிட்டால் வில் தானே சென்று நிற்கும். இடம் தவறி மீண்டும் மீண்டும் படமெடுப்பது குறைந்தால், நோயாளியும் மருத்துவரும் ஏற்கும் கதிரின் அளவும் குறையும். மிகுகதிர் உடலுக்குத் தீங்கன்றோ?

"கருவியே யாவும் அறியும், இனி மனிதர் எதற்கு?" என்பார் உளர். "பொறியை நம்பி உயிரை ஒப்படைப்பதோ?" என்று அஞ்சுவாரும் உளர். இருவர் கூற்றும் பொருந்தாது. கருவி கோணத்தை அறியும். நோயாளியின் நோவை அறியாது. அதற்காக அதனை விலக்கின், நன்மையையும் இழப்போம். இவ்வகைக் கருவிகள் பலவற்றில், விசையை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரையே வில் அசையும். கையெடுத்தால் உடனே நின்றுவிடும். செய்தோர் அறிந்தே வைத்த கயிறு இது.

நாளை இத்தகைய கருவிகளை இயக்கப்போகும் மாணவர், உழைப்பைப் பொறிக்கு அளிக்கலாம். விழிப்பை அளித்தல் ஆகாது. தோணியில் நின்றவர் தாம் மூழ்கவில்லை. ஆயினும் மூழ்கியவரின் உயிர் அவர் கையிலேயே இருந்தது.