பங்கு பிரிக்கும் முன்

மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியபோது வீட்டைச் சீதனமாகக் கேட்டார்கள். சம்மதித்தேன். நொத்தாரிசு உறுதி எழுத உட்கார்ந்ததும், "என் சீவிய உரித்தை வச்சு எழுதுங்க ஐயா" என்றேன். சம்பந்தியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பிள்ளைய நம்பாமலா எழுதுறீங்க?" என்றார்.

நம்பித்தான் எழுதினேன். வீடு மகளுடையது. நான் கண் மூடும்வரை அதில் இருக்கும் உரித்து மட்டும் என்னுடையது. நாளைக்கு மருமகன் வியாபாரத்தில் நொடித்துக் கடன்காரன் வாசலுக்கு வந்தாலும் என்னை எழுப்பிவிட முடியாது. அம்மா எந்த அறையில் படுப்பது என்று புருஷனோடு வாதாடும் வேலையும் மகளுக்கு இல்லை. அந்த ஒரு வரி எனக்குச் செய்ததைவிட அவளுக்குச் செய்ததுதான் கூட.

உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் விருந்தாளிபோல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் இல்லாமல் இல்லை. முதியோர் உரிமைகளுக்கான 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி 60 வயதானவர் பராமரிப்புக் கேட்டு முறையிடலாம். பிள்ளை பெரிய நன்றிகேடு செய்தால், மீளப்பெற முடியாதென்று எழுதிய நன்கொடை உறுதியையும் ரத்துச் செய்ய 2017 இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு நீதிமன்றம் ஏறவேண்டும். எழுபது வயதில் பெற்ற மகளுக்கு எதிராக வழக்குப் பேசுவதைவிட, அன்றைக்கு ஒரு சம்பந்தியின் கோபத்தைத் தாங்கிக்கொள்வது லேசு.

காசுக் கதைதான் கஷ்டம். சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. அவர் 8 வீதம் போட, முதலாளி 12 வீதம் போடுவார். கரைவலை இழுப்பவனுக்கு அப்படிப் போட யார் இருக்கிறார்கள்? ஒக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை எங்கள் கரையில் இழுப்பான், கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடிக்குப் போவான். தோள் விட்டுப்போன பிறகு பிள்ளைதான் கதி.

அந்தப் பிள்ளையும் கடலை நம்பியவன்தானே. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. என் மகனின் படகு கரையில் கிடந்தது. அடுத்த மாதம் விலைவாசி ஏற்றம் எழுபது வீதத்தைத் தொட்டது. அவனுடைய பிள்ளைகளுக்கே பால்மா இல்லாதபோது மருந்துக் காசு என்று எந்த வாயால் கேட்பது? கலியாணத்தில் மகளுக்குப் போடாமல் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு காப்பை அடகு வைத்தேன். "உனக்கு எதுக்கம்மா நகை?" என்று முன்பு கேட்டவன், அன்றைக்குப் பேசவில்லை.

மீனவருக்கும் ஓய்வூதியம் உண்டு, 1990 இல் சட்டம் போட்டார்கள். நாம் சந்தா கட்டினால்தான் அது கிடைக்கும். எங்கள் ஆட்கள் அதை நம்பத் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. 1987 இல் வந்த விவசாயிகள் ஓய்வூதியம் 2012 இல் நிதி வற்றி நின்று, பிறகுதான் மறுபடி தொடங்கியது. அப்படி நடக்காமல் பார்ப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. அதற்காக நாம் ஒன்றுமே கட்டாமல் இருந்தால் கிழவனுக்கும் கிழவிக்கும் கஞ்சி ஊற்றுவது யார்? மறுபடியும் அதே பிள்ளைதான்.

சம்மாட்டிமாரிடம் ஒன்று கேட்கிறேன். மீன் விற்ற காசில் சாப்பாட்டுச் செலவையும் எண்ணெய்ச் செலவையும் கழித்துவிட்டுத்தானே பங்கு பிரிக்கிறீர்கள்? அதோடு சேர்த்து ஆளுக்கு ஒரு சிறு தொகையைச் சந்தாவுக்கென்று கழியுங்கள். கடற்றொழிலாளர் சங்கம் அதைப் பெயர் பெயராகப் பதிந்து கட்டட்டும். பாடு இல்லாத மாதங்களில் கட்டாவிட்டாலும் கணக்கு அறுந்துபோகாதபடி விதி இருக்கவேண்டும். காசைக் கையில் கொடுத்து, போய்க் கட்டு என்றால் இருபத்தைந்து வயதுப் பொடியன் கட்டமாட்டான். என் மகனும் கட்டியிருக்கமாட்டான். அதனால்தான் பங்கு பிரிக்கும் முன்பே கழிக்கச் சொல்கிறேன்.