நம் தெருவிலிருந்து ஓர் உலக நடைப்பயணம்



செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று கடலைக் காண ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பூமியை அதன் நடுக்கோட்டின் வழியே ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் நடக்க வேண்டும். முன்னதைத் திடமான உடலுடையோர் ஒரே நாளில் முடித்துவிடுவர். பின்னதை யார் முடிப்பார்? ஒருவரால் ஆகாதது பலர் கூடினால் ஆகும் என்பதே இம்மாதம் நாம் சிந்திக்கவிருக்கும் செய்தி.

இளம்பிள்ளைவாதத்தை, அதாவது போலியோவை ஒழிக்க நிதி திரட்டுவோர் சிலர் ஒரு புதிய முறையைக் கையாளுகின்றனர். அவரவர் தத்தம் ஊரிலேயே நடக்கின்றனர். நடந்த தூரத்தைக் கைப்பேசி கணக்கிடுகிறது. எல்லாருடைய தூரத்தையும் கூட்டி, உலகப் படத்தில் ஊர் ஊராகக் குறித்துக்கொண்டே முன்னேறுகின்றனர். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உற்றாரும் நண்பரும் ஒரு சிறு தொகையை அளிக்கின்றனர்.

நாமும் ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் அன்பியத்தைச் சேர்ந்த 40 பேர் கொளவாய் ஏரிப் பக்கமோ, கடற்கரை மணலிலோ நாள்தோறும் 5 கிலோமீட்டர் நடப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஆயிற்று. 200 நாளில் 40,000 கிலோமீட்டர்; உலகமே சுற்றியாயிற்று! கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்றாலும் 40,000 ரூபாய் சேர்ந்துவிடும். வீட்டுச் சுவரில் ஓர் உலகப் படத்தை ஒட்டி, நாள்தோறும் பிள்ளைகளைக் கொண்டே தூரத்தைக் குறிக்கச் செய்யலாம். கடலை எப்படி நடந்து கடப்பது என்று அவர்கள் கேட்டால், கற்பனைக்குப் படகு வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

எந்தெந்த ஊரில் தங்குவது? முதல் தங்கல் நமக்கு அண்மையிலுள்ள வேலூர். நம் நாட்டில் வாய்வழிச் சொட்டு மருந்து 1979-இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் மூன்று முறை மருந்து பெற்ற குழந்தைகளுள் பலருக்குப் போதிய பாதுகாப்புக் கிட்டவில்லை என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் தம் ஆய்வுகளால் எடுத்துக்காட்டினார். ஓர் ஊரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே சமயத்தில், மீண்டும் மீண்டும் மருந்து அளிக்கும் முறை 1980களில் வேலூரில் நடத்திப் பார்க்கப்பட்டு நல்ல பயன் தந்தது. இந்நோயின் கிருமி குடலில் பெருகிப் பிறரைப் பற்றுவது. எல்லாக் குழந்தைகளின் குடலும் ஒரே சமயத்தில் அதற்குக் கதவை அடைத்துவிட்டால், அது குடியிருக்க இடமின்றி மடியும். நாடு முழுவதும் 1995 டிசம்பரில் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களுக்கு அடிப்படை இதுவே.

அடுத்து மேற்கு வங்கத்தின் ஹௌரா. 2009-இல் நம் நாட்டில் 741 பேரை இந்நோய் தாக்கியது. 2010-இல் அது 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரியில் ஹௌரா மாவட்டத்துச் சிறுமி ஒருத்தியைத் தாக்கியதே இயற்கைக் கிருமியால் இந்தியாவில் நேர்ந்த கடைசி நோய். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

கிழக்கே சென்றால் பிலிப்பைன்ஸ் தீவுகள். 60 இலட்சம் குழந்தைகளுக்கு மருந்தளிக்கும் பணியை 1979-இல் ரோட்டரி சங்கத்தார் அங்கே தொடங்கினர். அதன் பயனைக் கண்டே 1985-இல் உலகளாவிய முயற்சியில் இறங்கினர்.

பசிபிக் பெருங்கடலைத் தாண்டினால் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். அங்கேதான் ஜோனாஸ் சால்க் ஊசி மருந்தை உருவாக்கினார். அது பயனளிப்பது 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் தெரியுமா? பெருஞ்செல்வர் மட்டுமல்லர், பத்து சென்ட் நாணயத்தை அனுப்பி வைத்த எளிய குடும்பத்தினரே மிகப் பலர். ஆகவே ஒரு ரூபாய் என்ன செய்துவிடும் என்று எவரும் தயங்க வேண்டியதில்லை.

அதன்பின் ஜெனீவா. உலகிலிருந்தே இந்நோயை ஒழிப்பதென்று 1988-இல் அங்கே கூடிய உலக நாடுகள் தீர்மானித்தன. அன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 பேர் இதனால் முடமாயினர். இன்று அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆயினும் இல்லம் திரும்புமுன் இன்னும் ஒரு தங்கல் உண்டு. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கைக் கிருமி இன்னும் ஒழியவில்லை. 2024-இல் பாகிஸ்தானில் 74 பேரையும் ஆப்கானிஸ்தானில் 25 பேரையும் அது தாக்கியது. இத்தொகை சிறிதென்று எண்ணற்க. கிருமி தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் முடங்குகிறது; ஏனையோர் நோய் தெரியாமலே அதைப் பரப்புகின்றனர். முடங்கியபின் குணப்படுத்த மருந்து இல்லை. முன்னதாகத் தடுப்பது ஒன்றே வழி.

எனவே தாய்மார்களே, நோய்தான் போய்விட்டதே என்று வாளாவிருந்துவிடாதீர்கள். பிறந்தவுடனும், 6, 10, 14-ஆம் வாரங்களிலும், ஒன்றரை வயதையொட்டியும் சொட்டு மருந்து தரப்பட வேண்டும். 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் ஊசியும் உண்டு. முகாம் அறிவிக்கப்படும்போது, முன்பே கொடுத்துவிட்டோம் என்று நின்றுவிடாமல் மீண்டும் கொடுங்கள். கூலி வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்து செங்கற்சூளையிலும் கட்டடப் பணியிடத்திலும் தங்கியிருக்கும் குடும்பங்களின் குழந்தைகளையே மருந்து எளிதில் தவறவிடுகிறது. உங்கள் நடைவழியில் அத்தகைய குடும்பம் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைக் காட்டிக்கொடுங்கள். அந்த ஒரு வழிகாட்டல் பல கிலோமீட்டர் நடைக்கு ஈடாகும்.

முடிவாக, நம்மால் எளிதில் மறக்கப்படுவோர் உளர். மருந்து வந்து சேருமுன் இந்நோய்க்கு ஆளாகி, இன்று நடுவயதையும் முதுமையையும் அடைந்துள்ள சகோதர சகோதரிகள் நம் பங்குகள் பலவற்றிலும் உள்ளனர். பல்லாண்டுகளுக்குப் பின் தசைகள் மீண்டும் தளர்வதால் அவர்களுள் சிலர் புதிய துன்பத்துக்கு உள்ளாகின்றனர். நடைப்பயணம் என்றதும் இவர்கள் ஓரமாய் நின்று வேடிக்கை பார்க்கவேண்டியவர்கள் என்று எண்ணுவது பெருந்தவறு. மூன்று சக்கர வண்டியில் அவர்கள் கடக்கும் தூரமும் நம் கணக்கில் சேரட்டும். திரண்ட நிதியில் ஒரு பகுதியை ரோட்டரி சங்கத்தின் போலியோ நிதிக்கு அனுப்பலாம். மற்றொரு பகுதியை எதற்குச் செலவிடுவது, காலணைக்கா, ஊன்றுகோலுக்கா, ஆலயத்துக்கோ பள்ளிக்கோ ஒரு சாய்தளம் அமைப்பதற்கா என்பதை அவர்களையே கேட்டுத் தீர்மானியுங்கள். முதல் நாள் நடையை அவர்களே முன்னின்று தொடங்கி வைக்கட்டும், நாம் பின்தொடர்வோம்.